ஸ்னாப்ஷாட் எவ்வளவு இடம் பிடிக்கும்? தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு கணக்குப் பாடம்

ஸ்டோரேஜ் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்று கெட்டாலும் டேட்டா போகாமல் வைக்கும் ரெய்டு கணக்கைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். மொத்தம் எத்தனை டிஸ்க், அதில் பாரிட்டிக்கு (மீட்புத் தகவலுக்கு) எத்தனை, கழித்தால் விடை. ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு குறிப்பிட்ட நேரத்தில் டேட்டா இருந்த நிலையைப் பிறகும் பார்க்கும்படி காப்பாற்றி வைப்பது. அந்தக் கணக்கு வந்ததும் கை தயங்குகிறது. "600 ஜிபி டேட்டா இருக்கிறது, தினம் ஒரு ஸ்னாப்ஷாட், ஏழு நாள் வைத்திருக்க வேண்டும், எவ்வளவு இடம் தேவை?" என்று கேட்டால், 600-ஐ 7-ஆல் பெருக்கி 4,200 என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெருக்கலில் பிழை இல்லை. எதைப் பெருக்க வேண்டும் என்பதில்தான் குழப்பம். அதைத் தெளிவாக்கிவிட்டால் எந்த நிறுவனத்தின் தேர்வாக இருந்தாலும் இந்தக் கேள்வி பயமுறுத்தாது.

ஒரு மளிகைக் கடையின் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 100 பக்கம், பக்கத்துக்கு ஒரு வாடிக்கையாளர். முன்பக்கத்தில் யார் கணக்கு எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல். இன்று இரவு கடை அடைக்கும்போது நோட்டு எப்படி இருந்ததோ, அதை அடுத்த வாரமும் பார்க்க முடிய வேண்டும் என்கிறார் முதலாளி. நோட்டு முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்தால் 100 பக்கம் செலவு. அதற்குப் பதிலாக முன்பக்கப் பட்டியலை மட்டும் ஒரு நகல் எடுத்து, "இந்தப் பட்டியலில் உள்ள பக்கங்களை யாரும் அழிக்கக் கூடாது" என்று சொல்லிவிடலாம். இன்றைய செலவு ஒரே ஒரு பக்கம். நாளை மூன்று பேர் கணக்கு மாறினால் அவர்களுக்குப் புதுப் பக்கம் எழுதுகிறோம். பழைய மூன்று பக்கங்கள் அப்படியே நிற்கும். அந்த மூன்று பக்கம்தான் நேற்றைய நோட்டைக் காப்பாற்ற நாம் கொடுக்கும் விலை.

ஸ்னாப்ஷாட் செய்வதும் இதைத்தான். பக்கத்துக்குப் பதில் பிளாக், டேட்டாவைப் பிரித்து வைக்கும் சம அளவுத் துண்டு. எடுத்த நொடியில் அதன் அளவு ஏறக்குறைய பூஜ்யம். பட்டியலுக்கான சிறிது இடம் மட்டும். அதன்பிறகு, எடுத்த நேரத்தில் இருந்த பிளாக்குகளில் எத்தனை மாறுகின்றனவோ, எத்தனை அழிக்கப்படுகின்றனவோ, அத்தனை பழைய பிளாக்குகளை அது பிடித்து வைக்கும். டேட்டாவின் மொத்த அளவு 600 ஜிபியா 6,000 ஜிபியா என்பது இங்கே நேரடியாகப் பொருட்டே இல்லை.

பழைய பக்கத்தைக் காப்பாற்ற இரண்டு வழி உண்டு. மேலே சொன்னதுபோல் பழையதைத் தொடாமல் புது இடத்தில் எழுதுவது ஒன்று. இதற்கு ரீடைரக்ட்-ஆன்-ரைட் என்று பெயர். நெட்ஆப் நிறுவனத்தின் வாஃபல் கோப்பு முறைமை இந்த வழியில் நடக்கிறது. அதன் பிளாக் 4 கேபி. டேவ் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் மூவரும் 1994-இல் யூஸ்னிக்ஸ் மாநாட்டுக் கட்டுரையில் இதை விவரித்தார்கள். படிக்க எளிமையான கட்டுரை, இந்தத் துறைக்குள் வருகிற யாரும் ஒருமுறை தேடிப் படிக்கலாம். இன்னொரு வழி, அதே பக்கத்தில் புதியதை எழுதுவதற்கு முன் பழையதை வேறோர் இடத்துக்கு நகல் எடுத்து வைப்பது, இது காப்பி-ஆன்-ரைட். லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம்மின் பழைய வகை ஸ்னாப்ஷாட் இப்படித்தான். இந்த வழியில் ஒரு பிளாக் முதல்முறை மாறும்போது ஒரு வாசிப்பும் இரண்டு எழுதுதலும் நடக்கும் என்பதைத் தேர்வில் கேட்பார்கள். இடக் கணக்கைப் பொறுத்தவரை இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: பழைய பிளாக் எண்ணிக்கை.

மாற்ற விகிதம்: எதில், எவ்வளவு நேரத்தில்?

சரி, முதல் கேள்விக்குத் திரும்புவோம். 600 ஜிபி டேட்டா, தினமும் 2 சதவீதம் மாறுகிறது, தினம் ஒரு ஸ்னாப்ஷாட், ஏழு நாள். 600-இல் 2 சதவீதம் 12 ஜிபி. 12-ஐ 7-ஆல் பெருக்கினால் 84 ஜிபி. விடை அதுதான்.

இங்கே இரண்டு இடத்தில் வழுக்கும். வால்யூமின் (டேட்டா வைக்க ஒதுக்கிய மொத்த இடத்தின்) அளவு 1,000 ஜிபி, அதில் டேட்டா 600 ஜிபி என்று கேள்வியில் இரண்டு எண்ணும் இருந்தால், 2 சதவீதம் எதற்கு என்று பாருங்கள். டேட்டாவுக்கு என்றால் 12, வால்யூமுக்கு என்றால் 20. ஏழு நாளில் 84-க்கும் 140-க்கும் உள்ள வித்தியாசம் அது, விடைப் பட்டியலில் இரண்டுமே இருக்கும்.

இரண்டாவது, "மாறுகிறது" என்ற சொல். ஏற்கெனவே உள்ளதன்மேல் எழுதுவதும் அழிப்பதும் பழைய பிளாக்கை உருவாக்கும். காலியிடத்தில் புதிதாக எழுதுவது உருவாக்காது, ஏனென்றால் காப்பாற்ற அங்கே பழையது எதுவும் இல்லை. "தினம் 12 ஜிபி திருத்தம், 5 ஜிபி புதுக் கோப்புகள்" என்றால் ஸ்னாப்ஷாட்டுக்கு 84 ஜிபி, டேட்டா வளர்ச்சிக்கு 35 ஜிபி என்று தனித்தனியாகக் கூட்ட வேண்டும். எல்விஎம் மட்டும் இதில் கொஞ்சம் வேறு: அது கோப்பு முறைமைக்குக் கீழே உட்கார்ந்திருப்பதால் எந்த பிளாக் காலி என்று அதற்குத் தெரியாது. காலியிடத்தில் எழுதினாலும் நகல் எடுத்துவிடும்.

இனிச் சொல்லப்போவதை நிதானமாகப் படியுங்கள். பாடம் முழுவதும் இதில்தான் நிற்கிறது.

ஒரு டேட்டாபேஸில் 1 ஜிபி அளவுள்ள ஒரே பகுதி மணிக்கு ஒருமுறை முழுதாகத் திருத்தப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 24 ஜிபி எழுதப்படுகிறது. தினம் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தால் அது பிடித்து வைப்பது எவ்வளவு? 1 ஜிபிதான். நேற்று இரவு இருந்த வடிவம் மட்டும் காப்பாற்றப்படும். நடுவே வந்துபோன 23 வடிவங்களை எந்த ஸ்னாப்ஷாட்டும் பார்க்கவில்லை, அவை காணாமல் போய்விடும். அதே டேட்டாபேஸில் மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து ஒரு நாள் வைத்திருந்தால் 24 வடிவங்களும் நிற்கும், 24 ஜிபி. டேட்டா மாறவில்லை, எழுதும் வேகம் மாறவில்லை, எடுக்கும் இடைவெளி மட்டும் மாறியது.

ஆகவே மாற்ற விகிதம் என்பதைத் தனியாகச் சொல்ல முடியாது. இந்த இடைவெளிக்குள் எத்தனை தனித்தனி பிளாக்குகள் மாறின என்பதே எண். ஒரே பிளாக் ஒரே இடைவெளிக்குள் நூறு முறை மாறினாலும் ஒன்றுதான்.

இதை இன்னும் சுருக்கமாக இப்படி மனத்தில் வைத்திருக்கிறேன்: ஒவ்வொரு பழைய பிளாக்கும் ஏதோ ஓர் இடைவெளியில்தான் வழக்கொழிந்தது. ஸ்னாப்ஷாட்டுகளை வரிசையாக நிறுத்தி, கடைசியில் இன்றைய டேட்டாவையும் நிறுத்துங்கள். அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே இருப்பது ஓர் இடைவெளி. ஏழு ஸ்னாப்ஷாட் என்றால் ஏழு இடைவெளி; ஆறு அவற்றுக்குள், ஏழாவது கடைசி ஸ்னாப்ஷாட்டுக்கும் இன்றைய நிலைக்கும் நடுவே. ஒவ்வோர் இடைவெளியின் தொடக்கத்தில் இருந்து முடிவில் இல்லாமல் போன பிளாக்குகளைக் கூட்டினால் மொத்த இடம் கிடைக்கும். தோராயம் இல்லை, பிளாக் கணக்கு அப்படியே பொருந்தும்.

இது கையில் இருந்தால் பல அடுக்குக் கால அட்டவணையும் எளிதாகிவிடும். நெட்ஆப்பின் ஸ்டோரேஜ் இயங்குதளமான ஆன்டாப்பில் இயல்பாக வரும் ஸ்னாப்ஷாட் திட்டம், மணிக்கு ஒன்றாக எடுத்தவற்றில் 6, தினசரி 2, வாராந்தரம் 2 வைத்திருக்கும், மொத்தம் 10. ஒரு மணி நேரத்தில் 2 ஜிபி, ஒரு நாளில் 15 ஜிபி, ஒரு வாரத்தில் 50 ஜிபி தனித்தனி பிளாக்குகள் மாறுவதாகக் கேள்வி தருகிறது என்போம். மணிநேரத்துக்கு 6 பெருக்கல் 2, அதாவது 12. தினசரிக்கு 2 பெருக்கல் 15, அதாவது 30. வாராந்தரத்துக்கு 2 பெருக்கல் 50, அதாவது 100. மொத்தம் 142 ஜிபிக்கு மேல் போகாது. பதினான்கு நாளையும் தினசரி விகிதத்தால் பெருக்கியிருந்தால் 210 வந்திருக்கும். மணிக்கு 2 என்று பெருக்கியிருந்தால் 672. மணிக்கு 2 ஜிபி மாறினால் நாளுக்கு 48 ஆக வேண்டாமா, ஏன் 15 என்று கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வரலாம். பெரும்பாலான சர்வர்களில் அதே பிளாக்குகள்தான் திரும்பத் திரும்ப மாறுகின்றன, அதனால்தான்.

ரிசர்வ்: வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்குவது

ஸ்னாப்ஷாட்டுகளுக்கென்று வால்யூமில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது ஸ்னாப்ஷாட் ரிசர்வ். ஆன்டாப்பில் புது வால்யூமுக்கு இது இயல்பாக 5 சதவீதம். நெட்ஆப்பின் பழைய 7-மோட் பதிப்புகளில் 20 சதவீதமாக இருந்தது. பழைய பயிற்சிக் குறிப்புகளை வைத்துப் படித்தால் இந்த 20 உங்களைக் குழப்பும், எந்தப் பதிப்புக்கான தேர்வு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1,000 ஜிபி வால்யூமில் 5 சதவீதம் ரிசர்வ் என்றால் 50 ஜிபி அதற்கு, பயனர்களுக்கு 950. ஸ்னாப்ஷாட்டுகள் 80 ஜிபி பிடித்துவிட்டால் என்ன ஆகும்? எடுப்பது நிற்காது. 50 ரிசர்வில் நிறையும், மீதி 30 பயனர்களின் இடத்தைத் தின்னும். பயனர்களுக்கு 920 ஜிபி மிஞ்சும், ரிசர்வ் பயன்பாடு 160 சதவீதம் என்று திரையில் தெரியும். நூற்றுக்கு மேல் சதவீதத்தைப் பார்த்ததும் ஏதோ பிழை என்று நினைக்கிறார்கள், பிழை இல்லை. இந்தச் சுவர் ஒரு பக்கம்தான் திறக்கும். ஸ்னாப்ஷாட் பயனர் இடத்துக்குள் வரலாம், பயனர் டேட்டா ரிசர்வுக்குள் போக முடியாது, ரிசர்வ் முழுக்கக் காலியாக இருந்தாலும்கூட.

இதனால்தான் ஒரு விசித்திரம் நடக்கும். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று 100 ஜிபி கோப்பை அழிப்பார்கள், இடம் ஒன்றும் திரும்பாது. அழித்த பிளாக்குகள் ஸ்னாப்ஷாட் பக்கம் கணக்கு மாறியிருக்கும், அங்கே ரிசர்வ் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அதே இடத்தையே பிடித்துக்கொண்டிருக்கும்.

இப்போது தலைகீழ்க் கேள்வி. 600 ஜிபி டேட்டா, 84 ஜிபி ஸ்னாப்ஷாட். ரிசர்வ் எத்தனை சதவீதம், வால்யூம் எவ்வளவு? இரண்டையும் கூட்டினால் 684. 84-ஐ 684-ஆல் வகுத்தால் 12.28 சதவீதம், முழு எண்ணாக 13. சரி, 13 சதவீத ரிசர்வுடன் வால்யூம் எவ்வளவு? 600-உடன் அதன் 13 சதவீதத்தைக் கூட்டி 678 என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. சரிபார்த்துப் பாருங்கள்: 678-இல் 13 சதவீதம் ரிசர்வுக்குப் போனால் பயனர்களுக்கு மிஞ்சுவது சுமார் 590 ஜிபி, 600 வைக்க இடம் இல்லை. ரிசர்வ் என்பது டேட்டாவின் சதவீதம் அல்ல, முழு வால்யூமின் சதவீதம். அதனால் 600 என்பது வால்யூமின் 87 சதவீதம். 600-ஐ 0.87-ஆல் வகுத்தால் 689.66, மேல்நோக்கி 690 ஜிபி. ரிசர்வ் 89.7, பயனர்களுக்கு 600.3. இரண்டும் பொருந்துகிறது.

இடம் தீர்ந்தால் செத்துப்போகும் ஸ்னாப்ஷாட்

எல்விஎம்மின் பழைய வகை ஸ்னாப்ஷாட்டுக்கு எடுக்கும்போதே அளவு சொல்ல வேண்டும். அந்த அளவு நிரம்பினால் அது பயனற்றதாகிவிடும், மூல வால்யூம் மட்டும் தொடர்ந்து ஓடும். தானாக அளவைக் கூட்டும் வசதி உண்டு, ஆனால் எத்தனை சதவீதம் நிரம்பினால் கூட்ட வேண்டும் என்ற அதன் வரம்பு இயல்பாக 100 என்று வைக்கப்பட்டிருக்கும்; அதாவது அணைந்திருக்கும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இரவு பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படி ஸ்னாப்ஷாட் நிரம்பி, காலையில் பாதி பேக்கப்தான் கையில் இருந்தது. அன்று கணக்குப் போட ஐந்து நிமிடம் செலவிட்டிருந்தால் போதும்.

அந்தக் கணக்கு இதுதான். பேக்கப் 3 மணி நேரம் ஓடும், அந்த நேரத்தில் சராசரியாக நொடிக்கு 2 எம்பி எழுதப்படும். 3 மணி என்பது 10,800 நொடி. 2-ஆல் பெருக்கினால் 21,600 எம்பி, 1,024-ஆல் வகுத்தால் 21.1 ஜிபி. ஒவ்வோர் எழுதுதலும் வேறு வேறு பிளாக்கில் விழுந்தால் வரும் அளவு இது. பல சிறு எழுதுதல்கள் சிதறி விழும்போது பிளாக் அளவால் கொஞ்சம் கூடும், அதே இடத்தில் திரும்ப விழுந்தால் குறையும். 25 ஜிபி வைத்தால் நிம்மதி.

அமேசான் கணக்கு வேறு மாதிரி

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் தேர்வு எழுதுகிறவர்கள், அதன் டிஸ்க் வசதியான இபிஎஸ் ஸ்னாப்ஷாட்டை மேலே சொன்னதோடு கலந்துவிடக் கூடாது. அது மூல வால்யூமின் பக்கத்தில் இருப்பதில்லை, எஸ்3 என்ற தனிச் சேமிப்புச் சேவையில் போய் உட்காருகிறது. பக்கத்திலேயே இல்லாததால் முதல் ஸ்னாப்ஷாட் எழுதப்பட்ட எல்லா பிளாக்குகளையும் நகல் எடுத்துக்கொண்டு போகும். பூஜ்யத்தில் தொடங்காது. புதிதாக எழுதியதும் கணக்கில் சேரும்.

100 ஜிபி வால்யூம், அதில் 40 ஜிபி எழுதப்பட்டிருக்கிறது. முதல் ஸ்னாப்ஷாட் 40, 100 இல்லை. பிறகு 6 ஜிபி திருத்தம், 3 ஜிபி புதிது. இரண்டாவது 9. பிறகு 5 ஜிபி திருத்தம், அதில் 2 ஜிபி முன்பு திருத்திய அல்லது சேர்த்த அதே இடங்களில். மூன்றாவது 5. மொத்தம் 54 ஜிபிக்குக் காசு.

முதல் ஸ்னாப்ஷாட்டை அழித்தால் 40 ஜிபி குறையும் என்று நினைக்கத் தோன்றும். குறைவது 6 மட்டுமே. மீதி 34-ஐ இரண்டாவது ஸ்னாப்ஷாட் இன்னும் சுட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் அவை போகாது. நடுவில் உள்ள இரண்டாவதை மட்டும் அழித்தால்? அதற்கு மட்டுமே சொந்தமான பிளாக்குகள், அதாவது முதலாவதில் இல்லாமல் பிறந்து மூன்றாவதுக்குள் வழக்கொழிந்தவை, 2 ஜிபி. அவ்வளவுதான் திரும்பும். இந்தக் கேள்வி வடிவம் எல்லா நிறுவனத் தேர்வுகளிலும் வரக்கூடியது. அழிக்கப்போகும் ஸ்னாப்ஷாட்டுக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைப் பாருங்கள். இரண்டிலும் இல்லாதது மட்டும் விடுபடும்.

இன்னொன்று, இபிஎஸ் 512 கேபி பிளாக்குகளாகக் கணக்கு வைக்கிறது. 4 கேபி மாறினாலும் 512 கேபி முழுவதும் போகும். 10,000 சிறு திருத்தங்கள், ஒவ்வொன்றும் 4 கேபி, ஒவ்வொன்றும் வேறு வேறு பிளாக்கில் விழுந்தால் உண்மையில் மாறியது சுமார் 39 எம்பி, ஸ்னாப்ஷாட்டில் சேர்வது சுமார் 4.9 ஜிபி. டேட்டாபேஸ் வால்யூம்களின் ஸ்னாப்ஷாட் ஏன் இப்படி வளர்கிறது என்று திகைப்பவர்களுக்குப் பெரும்பாலும் விடை இங்கேதான் கிடைக்கும்.

ஒரு முழுக் கேள்வி

ஆன்டாப் வால்யூம் ஒன்றில் இன்று 2 டெபிபைட் (TiB) டேட்டா. தினம் 10 ஜிபிபைட் (GiB) புதிதாகச் சேரும், தினம் 1 சதவீதம் திருத்தப்படும். 21 தினசரி ஸ்னாப்ஷாட் வேண்டும். 30 நாள் கழித்தும் இடம் போத வேண்டும். 3 டிபி போதுமா?

டெபிபைட்டும் ஜிபிபைட்டும் 1,024-இன் மடங்கில் எண்ணும் அளவுகள், அதனால் 2 டெபிபைட் என்பது 2,048 ஜிபிபைட். 30 நாள் வளர்ச்சி 300 சேர்த்தால் 2,348. திருத்தத்தை 30-ஆம் நாள் அளவிலேயே எடுத்தால் பாதுகாப்பு: நாளுக்கு 23.48, 21 நாளுக்கு 493. இரண்டும் சேர்ந்து 2,841. ரிசர்வ் 493 வகுத்தல் 2,841, அதாவது 17.4 சதவீதம், 18 என்று வைப்போம். 2,348-ஐ 0.82-ஆல் வகுத்தால் 2,863.4. மேல்நோக்கி 2,864 ஜிபிபைட்.

பார்த்தவுடன் 3,000-க்குள் இருக்கிறதே, 3 டிபி போதும் என்று தோன்றும். ஆனால் கேள்வியில் கேட்டது டிபி. டிஸ்க் விற்பவர்கள் 1,000-இன் மடங்கில் எண்ணும் அளவு. 3 டிபி என்பது 2,794 ஜிபிபைட்தான். 70 குறைகிறது. விடை: போதாது, குறைந்தது 3.08 டிபி வேண்டும்.